டீசல் காரில் பெட்ரோலை நிரப்பிவிட்டார்கள்: பம்பை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 2018இல் வாங்கிய காமன் ரெயில் டீசல் கார். நேற்று மாலை தக்கலை அருகே ஒரு பங்கில், டேங்கில் சுமார் 10 லிட்டர் டீசல் இருந்த நிலையில், 18 லிட்டர் பெட்ரோலை நிரப்பிவிட்டார்கள். மழை கொட்டியதால் நானும் இறங்கிப் பார்க்கவில்லை. அழகியமண்டபத்தை நெருங்கும்போது இழுவை குறைந்து, எஞ்சினில் கடகடவென்று சத்தம் எழுந்ததால் ஓரங்கட்டி அணைத்தேன். பில்லைப் பார்த்தபிறகுதான் விஷயம் புரிந்தது. அதன்பின் சாவியைத் தொடவில்லை.

இப்போது வண்டி நாகர்கோவிலில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. எதையும் கழற்றிப் பார்க்காமலேயே, டீசலை அழுத்தித் தள்ளும் பம்ப், அந்த டீசலைத் தேக்கிப் பகிரும் ரெயில் குழாய், எஞ்சினுக்குள் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகுமாம். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணாச்சியோ, மேலே டீசலை நிரப்பி, டூ ஸ்ட்ரோக் ஆயிலையும் கலந்து ஓட்டினால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில் (மார்த்தாண்டம், டீசல் பம்ப் வேலை செய்பவர்)

தம்பி, இரண்டையும் இப்போது செய்ய வேண்டாம். அண்ணாச்சி சொல்வது அவருடைய காலத்து வண்டிகளுக்குப் பொருந்தியிருக்கலாம். பழைய லாரிகளில் இருந்த இன்லைன் பம்புகள் பலவற்றுக்கு எஞ்சின் ஆயிலே மசகாக இருந்தது. உங்கள் வண்டியின் ஹை பிரஷர் பம்புக்கு டீசலைத் தவிர வேறு மசகு கிடையாது. கார் டயரில் இரண்டு பார் சொச்சம் காற்று அடிக்கிறோம்; இந்த வகைப் பம்புகள் டீசலை 1,600 பார் வரையிலும் அதற்கு மேலும் அழுத்துகின்றன. அந்த அழுத்தத்தில் பெட்ரோல் உள்ளே போனால் உலோகத்தோடு உலோகம் உரசும். உரசி உதிரும் துகள் ரெயில் வழியாக இன்ஜெக்டருக்குப் போவதோடு, ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்கும் ஃபில்டருக்கும் திரும்பி வரும். நீங்கள் கேட்ட சத்தம் வேறு: பெட்ரோல் கலந்தால் எரிபொருள் தாமதமாகத் தீப்பிடித்து, ஒரேயடியாக வெடிப்பதால் எழுவது அது. அதை மட்டும் வைத்து பம்ப் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

ஆகவே பழைய ஃபில்டரை உங்கள் கண்முன்னே அறுக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை வெள்ளைத் துணியில் விரித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். உரசல் இருந்தால் மீன் செதிலைப் பொடித்துத் தூவியதுபோல் மினுங்கும். பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வையும் கழற்றி, அதன் சல்லடையைப் பார்க்கச் சொல்லுங்கள். துகள் இருந்தால் ஒர்க்‌ஷாப்காரர்கள் சொல்வதே சரி. பம்பை மட்டும் மாற்றினால் ரெயிலில் தங்கிய துகள் இன்ஜெக்டர்களையும் கெடுக்கும். துகள் இல்லையென்றால் டேங்கை இறக்கிக் கழுவி, லைனைச் சுத்தம் செய்து, புது ஃபில்டர் போட்டால் போதும்.

பதில் (குளச்சல்)

அந்த பில்லைப் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அந்த மை சில மாதங்களில் மங்கிவிடும். டேங்கிலிருந்து இறக்கும் எரிபொருளில் ஒரு லிட்டரைத் தகுந்த கேனில் மூடி வையுங்கள். பங்கின் மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அவர் இழப்பீடு தர மறுத்தால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம்.

கேட்டவர்

அண்ணன், நீங்கள் சொன்னபடியே இன்று காலை ஃபில்டரை அறுத்தார்கள். தாளில் கறுப்புக் கசடு மட்டுமே இருந்தது, மினுக்கம் எதுவும் இல்லை. வால்வின் சல்லடையும் சுத்தமாக இருந்தது. டேங்கை இறக்கிக் கழுவி, புது ஃபில்டர் போட்டு, 15 லிட்டர் டீசல் ஊற்றினார்கள். எரிபொருள் லைனில் காற்றை எடுத்தபின் வண்டி மூன்றாவது முறையில் உயிர் பெற்றது, சத்தமும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பதில் (மார்த்தாண்டம்)

நல்லது தம்பி. சரியான நேரத்தில் அணைத்தீர்கள், அதுதான் பம்பைக் காப்பாற்றியது. 500 கிலோமீட்டர் ஓடியதும் இந்தப் புது ஃபில்டரையும் ஒருமுறை அறுத்துப் பாருங்கள். எரியாத பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலந்திருக்க வாய்ப்புண்டு. ஆயிலை இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.