தேக்கு மேசையில் சாண்டர் போட்ட சுழிக் கீறல்கள் வார்னிஷில் மறையுமா?

கேள்வி:
வணக்கம். பழைய தேக்கு மேசை ஒன்றின் வார்னிஷை நீக்கிவிட்டுப் புதிதாகப் பூசுவதற்காக ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் (உப்புத்தாள் ஒட்டிய வட்டு சுழன்று அதிர்ந்து மரத்தைத் தேய்க்கும் மின்கருவி) வாங்கியிருக்கிறேன். 80 எண் உப்புத்தாளில் (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்) தேய்த்துவிட்டு நேரே 220-க்குப் போனேன். தடவிப் பார்த்தால் வழவழப்பாகவே இருக்கிறது. ஆனால் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பலகை முழுவதும் சின்னச் சின்னச் சுழிகள் தெரிகின்றன. வார்னிஷ் பூசினால் இவை மறையுமா?

முதல் பதில்:
மறையாது, இன்னும் எடுப்பாகத்தான் தெரியும். 80 எண் தாள் போட்ட ஆழமான கீறலை 220 எண் தாளால் அழிக்க முடியாது என்பதால், மறுபடியும் 120, அதன்பின் 180 என்று படிப்படியாக வாருங்கள். ஒவ்வொரு தாளுக்கும் முன்பு பலகையில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லக் கிறுக்கிவைத்து, அது முழுவதும் அழியும்வரை தேய்த்தால் எந்த இடமும் விட்டுப்போகாது. தாளை மாற்றும்போது தூசியைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். உதிர்ந்த ஒரு முரட்டுத் துகள் அடுத்த தாளின் அடியில் சிக்கினாலே புதிய சுழி விழும்.

கருவியை அழுத்தவே கூடாது. அழுத்தினால் வட்டு சுழல்வது தடைபட்டு, ஒரே இடத்தில் அதிர்ந்துகொண்டிருக்கும். வட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால், அது சுழல்கிறதா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இரண்டாம் பதில்:
பழைய வார்னிஷ் சூட்டில் இளகி உப்புத்தாளில் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்வதும் சுழிக்கு ஒரு காரணம். ஆகவே முதலில் அதைச் சுரண்டியெடுத்துவிடுவது நல்லது. கடைசியாக 220 எண் தாளைக் கட்டையில் சுற்றி, மரத்தின் ரேகை போகும் திசையிலேயே கையால் தேய்த்து முடியுங்கள். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு என்பதால், பூசுவதற்குச் சற்று முன்பு தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைப்பது அவசியம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வீட்டிலுள்ள பழைய பச்சைப் பெயின்ட் அடித்த சன்னல்களுக்கும் இதே கருவியைப் பயன்படுத்தலாமா?

மூன்றாம் பதில்:
வேண்டாம். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. சாண்டர் அதைப் பொடியாக்கி வீடெங்கும் பரப்பிவிடும். பெயின்ட் ரிமூவர் தடவிச் சுரண்டுங்கள், அல்லது தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் கையால் தேய்யுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வரவே வேண்டாம். மேசை வேலைக்கும் மூக்கில் துண்டு கட்டிக்கொள்வது போதாது, என்95 முகமூடி அணியுங்கள். மரத்தூசியையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்றாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.