குடும்பக் குழுவில் ஒரு தகர டப்பா

நாட்டிங்ஹாம் தம்பி: [படம்] இது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். பழைய சாமான் சந்தையில் வாங்கினேன்.

சித்தி: சோப்பு டப்பாவாடா? ஒரு பக்கம் மட்டும் வளைந்திருக்கிறதே.

நாட்டிங்ஹாம் தம்பி: ரொட்டித் துண்டின் வடிவம் சித்தி. ஸ்நாப் டின். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் சாப்பாடு கொண்டுபோவது. துணியில் முடிந்து வைத்தால் எலி தின்றுவிடும்.

நார்விச் அக்கா: ஸ்நாப் என்றால் போட்டோ இல்லையா?

நாட்டிங்ஹாம் தம்பி: இங்கேயும் டார்பி, யார்க்‌ஷயர் பக்கமும் ஷிஃப்டுக்கு நடுவில் கடிக்கிற ரெண்டு துண்டு ரொட்டிக்கு அதுதான் பேர்.

நியூகாசில் மாமா: எங்கள் பக்கம் அதையே பெய்ட் என்பார்கள். தூண்டிலில் மாட்டுகிற இரைக்கும் அதே சொல் 😄

நார்விச் அக்கா: நார்ஃபோக், சஃபோக்கில் அறுவடை ஆட்களுக்குக் காலை 11 மணிக்கு எலெவன்சஸ், சாயங்காலம் 4 மணிக்கு ஃபோர்சஸ். ஃபென் சதுப்பு நிலத்தில் டாக்கி. சாப்பிடுகிற நேரத்துக்குக் கூலியைப் பிடித்துக்கொள்வார்களாம், அப்படிப் பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘டாக்’, அதனால்தான் அந்தப் பேர் என்று ஊரில் ஒரு பேச்சு.

சித்தி: அடப்பாவிகளா! தின்பதற்குமா பிடித்தம்?

நியூகாசில் மாமா: எஸ்ஸெக்ஸில் பீவர். ‘குடிப்பது’ என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். அதாவது பியர்தான் முக்கியம், ரொட்டி அப்புறம்.

நாட்டிங்ஹாம் தம்பி: இதையெல்லாம் ஜோசப் ரைட் 1898 முதல் 1905 வரை 6 தொகுதி வட்டார வழக்கு அகராதியாகப் போட்டார். யார்க்‌ஷயர்க்காரர். சின்ன வயதில் மில் வேலை, 15 வயது வரை வாசிக்கவே தெரியாது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர்.

சித்தி: அம்மாடி.

நார்விச் அக்கா: அகராதியில் இருந்து என்ன? இப்போது வயலில் ஒரே ஆள் கம்பைன் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறார். யாரோடு உட்கார்ந்து ஃபோர்சஸ் சாப்பிடுவார்?

நாட்டிங்ஹாம் தம்பி: ஆனால் ஸ்நாப் சாகவில்லை அக்கா. இந்த மாவட்டத்தின் கடைசிச் சுரங்கம் தோர்ஸ்பி, 2015-ல் மூடினார்கள். எங்கள் கிடங்கில் நிலக்கரியைக் கையால் தொட்டிராத பையன்கள்கூட ஸ்நாப் டைம் என்றுதான் கிளம்புகிறார்கள்.

நியூகாசில் மாமா: இங்கே கட்டட வேலை ஆட்களும் அப்படித்தான். பெய்ட் டைமில் யாரும் போனைக்கூட எடுக்கமாட்டார்கள்.

சித்தி: கார்ன்வாலில் இருக்கிறானே சின்னவன், அவன் ஊரில் என்னவாம்?

நாட்டிங்ஹாம் தம்பி: நீல டிக் விழுந்துவிட்டது, பதில்தான் வரவில்லை.

கார்ன்வால் சின்னவன்: க்ரௌஸ்ட். க்ரிப் என்றும் சொல்வார்கள். வாயில் பாஸ்டி, அதாவது கறி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம், இருக்கிறது சித்தி, அப்புறம் பேசுகிறேன்.