அப்துல் ஜப்பார் வர்ணனை உள்ள பழைய கேசட்: கணினிக்கு மாற்றுவது எப்படி?

மீடியம்வேவ்:
ரேடியோவிலிருந்து மோனோ டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி) பதிந்த தமிழ்க் கிரிக்கெட் வர்ணனை, இரண்டு சி-90 (90 நிமிட) கேசட். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் குரல் என்பதில் சந்தேகமில்லை. எந்த ஆட்டம் என்று அட்டையில் எழுதவில்லை. ஸ்டீரியோ டெக்கில் போட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கிக் கேட்கிறது. டேப் போய்விட்டதா? இரைச்சலை எவ்வளவு தூரம் எடுக்கலாம்?

டேப்ஹெட்:
டேப் போயிருக்காது, ஹெட் (டேப்பில் உரசி ஒலியைப் பதியும், படிக்கும் முனை) கோணம்தான். பதிந்த டூ-இன்-ஒன்னின் ஹெட் சாய்வும் உங்கள் டெக்கின் சாய்வும் வேறு. முதலில் 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் வைத்து ஹெட்டைத் துடையுங்கள். ரப்பர் ரோலருக்கு ஆல்கஹால் வேண்டாம். வெந்நீரும் துளி சோப்பும் போதும். கேசட்டை ஒருமுறை முழுக்க முன்னோக்கி, பின்னோக்கி ஓட்டுங்கள். சி-90 டேப் 12 மைக்ரான்தான், சுற்று இறுகிக் கிடந்தால் இழுபடும்.

பிறகு டேப் ஓடும்போதே ஹெட் பக்கத்தில் ஸ்பிரிங் உள்ள திருகை மெல்லத் திருப்புங்கள். கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள், பழைய நிலையைப் பெயின்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள். 'ச', 'ஸ' கூர்மையாகும் இடமே சரியான இடம். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இயர்போன் ஜாக்கிலிருந்து எடுக்காமல், லைன்-அவுட்டிலிருந்து லைன்-இன்னுக்குக் கொடுங்கள். டால்பி (டெக்கின் இரைச்சல் குறைப்பு) அணைந்திருக்கட்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம், ஏனென்றால் விக்கெட் விழும்போது கூட்டம் எகிறும். மோனோ பதிவானாலும் ஸ்டீரியோவாகவே எடுங்கள் (45 நிமிடப் பக்கத்துக்குச் சுமார் 780 எம்பி). கோணம் துளி தப்பினாலும் இரு சேனலையும் கூட்டும்போது மேல் ஒலி அடிபட்டுப்போகும். தெளிவான சேனலை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கரகரப்பு:
இரைச்சல் நீக்கியை அளவாகப் பயன்படுத்துங்கள், 6 டெசிபல் போதும். அதற்கு மைதானக் கூட்டமும் இரைச்சல்தான். அதிகம் கொடுத்தால் கைத்தட்டல் தண்ணீருக்குள் கேட்பதுபோல் ஆகிவிடும். இது மத்திய அலை (மீடியம் வேவ்) வானொலிப் பதிவாக இருந்தால், அதன் அலைவரிசைகளுக்கு இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ், ஆகவே 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் குரல் அநேகமாக இல்லை. 6-க்கு மேலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும் வெட்டினாலே பாதிச் சீறல் போய்விடும். கம்ப்ரெஸ்ஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கருவி) மட்டும் போட்டுவிடாதீர்கள். பந்துவீச்சாளர் ஓடிவரும்போது தணிந்து, பந்து எல்லைக்கோட்டைத் தாண்டும்போது எழும் அந்த ஏற்ற இறக்கம்தான் வர்ணனை. அதைத் தட்டையாக்கினால் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கும்.

வேகத்துக்கு, டேப்பில் பதிந்திருக்கும் கரண்ட் ரீங்காரத்தை 50 ஹெர்ட்ஸுக்கு ஒப்பிட்டுச் சரிசெய்யலாம்.

டேப்ஹெட்:
அது ஆபத்து. 1980களில் நம் மின்சாரம் 50-இல் நிலையாக நின்றதில்லை. அந்த டூ-இன்-ஒன் பேட்டரியில் ஓடியிருந்தால் ரீங்காரமே பதிந்திருக்காது. ஸ்பெக்ட்ரத்தில் (ஒலி அதிர்வெண்களைக் காட்டும் படம்) 9 கிலோஹெர்ட்ஸ் அருகே மெல்லிய கோடு இருக்கிறதா பாருங்கள். பக்கத்து அலைவரிசை நிலையம் இதோடு கலந்து எழுப்பும் விசில் அது. எல்லா ரேடியோவிலும் வராது, இருந்தால் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. கோடு 9,270 ஹெர்ட்ஸில் நின்றால் டேப் 3% வேகமாக ஓடுகிறது. திருத்தம் மைனஸ் 2.9%. வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கருவியில் செய்யுங்கள். முக்கியம், 6 கிலோஹெர்ட்ஸில் வெட்டுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். வெட்டியபின் கோடு இருக்காது.

ஸ்கோர்ஷீட்:
ஆட்டத்தைக் கண்டுபிடிக்க ஓவர் முடிவில் சொல்லும் ஸ்கோர், பந்துவீசும் முனை, ஆட்டமிழந்தவர் பெயர் மூன்றையும் குறித்து ஸ்கோர் அட்டைகளோடு ஒப்பிடுங்கள். ஒரு ஸ்கோர் மட்டும் போதாது, பல ஆட்டங்களில் பொருந்தும். சேப்பாக்கம் என்றால் சில பெயர்கள் உடனே காட்டிக்கொடுக்கும். டீன் ஜோன்ஸ் 210 என்றால் 1986 செப்டம்பர் 'டை' (சமனில் முடிந்த) டெஸ்ட். ஹிர்வானி அறிமுகத்திலேயே 16 விக்கெட் என்றால் 1988 ஜனவரி, மேற்கிந்தியத் தீவுகள். சயீத் அன்வர் 194 என்றால் 1997 மே 21. அணிகள் தமிழ்நாடு, கேரளா என்று கேட்டால் ரஞ்சி அட்டைகளைத் தேடுங்கள்.

இன்னொன்று: கோப்புப் பெயரில் கேசட் எண், பக்கம் இரண்டையும் எழுதிவையுங்கள். வர்ணனையாளர்கள் மாறி மாறிப் பேசுவார்கள், நடுவில் வரும் வேறு குரலையும் ஜப்பார் என்றே பெயரிட்டுவிட வேண்டாம்.