குலுக்கலில் விழுந்த பொம்மை: சேகரிப்பா, சூதாட்டமா?

அலமாரி:
வேலைக்காக ஜப்பானில் கவாசாகி நகரத்துக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. வந்த புதிதில் பக்கத்துக் கடைக்குப் பால் வாங்கப் போய், ஒரு இச்சிபன் குஜி சீட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: பண்டாய் ஸ்பிரிட்ஸ் என்கிற பொம்மை நிறுவனம் நடத்தும் குலுக்கல் இது, சுருக்கமாகக் குஜி. லாசன், ஃபேமிலிமார்ட் மாதிரிக் கடைகளிலும் புத்தகக் கடைகளிலும் நடக்கும். சீட்டு 700, 800 யென் வரும். ஓரத்தைப் பிடித்து உரித்தால் உள்ளே ஏ, பி, சி என்று ஓர் எழுத்து. மேல் எழுத்துகளுக்குப் பெரும்பாலும் ஃபிகர், அதாவது அனிமே கதாபாத்திரப் பொம்மை; கீழே போகப் போகக் கைத்துண்டு, தம்ளர், சாவிக்கொத்தில் மாட்டும் ரப்பர் தொங்கட்டான். வெறுங்கையோடு யாரும் திரும்புவதில்லை. பெட்டியின் கடைசிச் சீட்டை வாங்குகிறவருக்கு 'லாஸ்ட் ஒன்' என்று தனிப் பரிசும் உண்டு.

இன்று என்னிடம் 23 ஃபிகர் இருக்கின்றன. நேற்று இந்த மன்றத்தில் வேறொரு இழையில் இதை 'காசைக் கரியாக்கும் சூது' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது ஒப்பவில்லை.

மழைக்காகம்:
எழுதியது நான்தான். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். போன வருடம் 'ஒன் பீஸ்' அனிமே குஜியில், அதில் வரும் வாள்வீரன் ஜோரோவின் பொம்மைக்காக 14 சீட்டு எடுத்தேன். ஒன்று 750 என்றால் 10,500 யென். துண்டு ஐந்து, தம்ளர் நாலு, மீதி எல்லாம் தொங்கட்டான். அடுத்த சனிக்கிழமை டோக்கியோவில் நகானோ பிராட்வே என்கிற வணிக வளாகத்துக்குப் போனால், பழைய பொருள் விற்கும் ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் அதே ஜோரோ, பெட்டிகூடப் பிரிக்காமல், 5,200 யென்னுக்கு நிற்கிறது. பொம்மைதான் வேண்டும் என்றால் நேராகப் போய் வாங்கிவிட்டுப் போகலாமே? சீட்டு எதற்கு? அந்த உரிக்கிற நொடிக்காகத்தான் காசு கொடுக்கிறோம். அதற்குப் பெயர் சூது.

கணக்கன்:
காகம் அண்ணா, சூதுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பெட்டியில் இருக்கும் சீட்டுக்கு எண்ணிக்கை இருக்கிறது. 80 சீட்டு, அதில் ஏ இரண்டு என்று வைத்துக்கொள்வோம். புதுப் பெட்டியில் 10 எடுத்தால் ஏ விழ வாய்ப்பு 24 சதவீதம்தான். அதனால் நான் முதல் நாளே போய் நிற்க மாட்டேன். எந்த எழுத்து எத்தனை போய்விட்டது என்று பல கடைகளில் பலகையில் குறித்து வைக்கிறார்கள். தினமும் ரயிலடிக்குப் போகிற வழியில் ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். 12 சீட்டு மிச்சம், ஏ இன்னும் உள்ளே இருக்கிறது என்றால் 9,000 யென்னுக்கு மொத்தமும் எடுத்துவிடுவேன். ஏ நிச்சயம், லாஸ்ட் ஒன்னும் நிச்சயம். இதில் அதிர்ஷ்டத்துக்கு எங்கே வேலை?

மழைக்காகம்:
எல்லாக் கடையிலும் பலகை வைப்பதில்லை, கணக்கன். சரி, வைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வோம். நீங்கள் 12 சீட்டையும் அள்ளிக்கொண்டு போகும்போது பின்னால் நிற்பவர் கதி என்ன? ஒருநாள் என் கண் முன்னால் நடந்தது. பள்ளிச் சீருடையில் ஒரு பையன், உள்ளங்கையில் நூறு யென் காசுகளாக எட்டு. இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் நின்றவர் மிச்சம் இருந்ததையெல்லாம் வாங்கிவிட்டார். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை, காசைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அப்புறம் இந்த 'வெறுங்கை இல்லை' என்கிற பேச்சு. கைப்பேசி விளையாட்டுகளில் 'கம்ப்ளீட் கச்சா' என்று ஒரு குலுக்கல் இருந்ததே, அதிலும் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று கையில் விழத்தான் செய்தது. ஆனாலும் 2012இல் ஜப்பான் நுகர்வோர் துறை அது சட்டத்துக்குப் புறம்பு என்று சொல்லிவிட்டது.

கணக்கன்:
அந்த வழக்கே வேறு. அங்கே ஒரு வரிசையை முழுதாகச் சேர்த்தால்தான் பெரிய பரிசு. சேரச் சேர, பாக்கி இருக்கும் ஒன்று கிடைப்பது அரிதாகிக்கொண்டே போகும். குஜி நேர் எதிர். ஏ வெளியே வராத வரை, பெட்டி காலியாகக் காலியாக வாய்ப்பு கூடுகிறது.

பையன் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆளுக்கு இத்தனை சீட்டு என்று வரம்பு வைக்கும் கடைகள் இருக்கின்றன. எல்லாக் கடையும் வைக்க வேண்டும். அப்படி வந்தால் முதலில் அடி வாங்குவது என் வழிதான், இருந்தாலும் வரட்டும்.

தேநீர்ப்பூனை:
ஒசாகாவிலிருந்து எழுதுகிறேன். இவ்வளவு நேரமும் விலையைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகளுக்கு ஏழு வயது. மாதம் ஒரு சீட்டு, அவள் கையால் எடுப்பாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவுவாள். பின்னால் நிற்பவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே காத்திருப்பார்கள். ஒருமுறை பி விழுந்தது, 'டிராகன் பால்' அனிமேயில் வரும் கோஹான் பொம்மை. கடைக்காரம்மா பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார், இவளும் இரண்டு கையாலும் வாங்கினாள். அந்தக் கோஹானை, பழைய பொருள் விற்கும் மெர்காரி செயலியில் இன்னும் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கலாம், எனக்குத் தெரியும். ஆனால் அது இந்தக் கோஹானாக இருக்காது.

அலமாரி தம்பி, 23 பொம்மையையும் வெயில் படாத இடத்தில்தானே வைத்திருக்கிறீர்கள்? பொம்மையின் பிவிசி பிளாஸ்டிக் வெயிலில் நிறம் மாறும். பெட்டிக்குள்ளேயே வருடக்கணக்கில் அடைத்து வைத்தாலும் மேலே பிசுபிசுப்பு ஏறும். எங்கள் கோஹானுக்கு ஏறிவிட்டது. வெதுவெதுப்பான நீரில் துளி சோப்பு விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் கழுவி நிழலில் காயவைத்தேன். இப்போது சரியாகிவிட்டது.

மழைக்காகம்:
அக்கா, மாதம் ஒரு சீட்டு என்றால் நான் வாய் திறக்கவே மாட்டேன். என் சண்டை பதினாலாவது சீட்டோடுதான். பத்தோடு நிறுத்த நினைத்தேன், முடியவில்லை. 'இன்னும் நாலுதான்' என்று என் வாயாலேயே கடைக்காரரிடம் சொன்னேன். அதிலிருந்து குஜி பக்கம் போவதில்லை. வேண்டியதை நகானோவில் விலை பார்த்து வாங்குகிறேன்.

அலமாரி:
காகம் அண்ணா, ஒன்று யோசித்தீர்களா? நகானோவில் நிற்கும் அந்த ஜோரோவும் யாரோ சீட்டு உரித்து எடுத்ததுதான். ஆனால் உங்கள் பதினாலாவது சீட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. என் 23இல் ஆறு, அப்படி நிறுத்த முடியாமல் வந்தவை. எவை என்று இப்போதும் கை வைத்துக் காட்டுவேன்.

அக்கா, என் அலமாரி ஜன்னலுக்கு நேர் எதிரில் இருக்கிறது. இன்று இரவே நகர்த்திவிடுகிறேன்.