ஆர்டிஐ போட்டவர்கள் அனுபவம்: பதிலைக் கேட்பதா, கோப்பைக் கேட்பதா?

டெல்டாக்காரன்:

எங்கள் தெருவில் சிமென்ட் ரோடு போட்டார்கள். குளத்துமேட்டுத் திருப்பத்தோடு ரோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் நாலைந்து வீடு இருக்கிறது, மழை வந்தால் சேறுதான். ஆனால் விளம்பரப் பலகையில் எழுதியிருந்த நீளம் அந்த வீடுகளையும் தாண்டிப் போனது. கிராம சபையில் கேட்டால் "ஃபண்டு அவ்வளவுதான்" என்றார்கள். சரி, எழுத்திலேயே கேட்போம் என்று ஒன்றிய அலுவலகத்துக்கு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போட்டேன். வெள்ளைத்தாளில் மனு, மேலே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். எதற்குக் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, அந்தச் சட்டத்தின் 6(2) பிரிவிலேயே இருக்கிறது.

"ஏன் பாதியில் நிறுத்தினீர்கள்" என்று மனுவில் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த வேலையின் எஸ்டிமேட், பணி ஆணை, எம்-புக்கில் (முடிந்த வேலையை அளந்து எழுதி வைக்கும் அளவுப் புத்தகம்) அந்த வேலைக்கு உரிய பக்கங்கள், பில் தொகை கொடுத்த விவரம், இவற்றின் நகல் வேண்டும் என்று மட்டும் எழுதினேன். கடைசியில், 2(ஜே) பிரிவின்படி கோப்பையும் வேலை நடந்த இடத்தையும் நேரில் பார்வையிட வேண்டும் என்று ஒரு வரி. ஆபீசை அசைத்தது அந்த வரிதான் என்பது என் கணிப்பு.

தபால் போய்ச் சேர்ந்த கையோடு வார்டு மெம்பர் வீட்டுக்கு வந்துவிட்டார். சொந்தக்காரப் பையன். "மாமா, நமக்குள்ள எதுக்கு இந்தப் பேப்பரெல்லாம்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றான். காபி கொடுத்து அனுப்பினேன். மனு போட்டவன் பெயர் ஆபீசிலிருந்து இவன் காதுக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான், ஆனால் இந்தச் சட்டத்தில் மனுதாரருக்கு உள்ள பெரிய இடைஞ்சல் இதுதான் என்று நினைக்கிறேன்.

30 நாள் கெடு முடியும் தறுவாயில் கடிதம் வந்தது. பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி நகல் வாங்கிக்கொள்ளலாம், இன்ன தேதியில் வந்து பார்வையிடலாம் என்று. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. மேசை ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்து, "நேர்ல கேட்டிருந்தாலே காட்டியிருப்போமே சார்" என்றார் அங்கிருந்த எழுத்தர். சிரித்து வைத்தேன்.

எம்-புக்கை நான் அதுவரை பார்த்ததில்லை. பக்க எண் அச்சிலேயே வந்துவிடுவதால் ஒரு தாளைக் கிழித்தாலும் தெரிந்துவிடும். நீளம், அகலம், கனம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. எங்கள் ரோட்டுக்கு அகலம் 3.00 மீட்டர், கனம் 0.15 மீட்டர். நீளத்தில், போடாத அந்தப் பகுதியும் சேர்ந்திருந்தது. கீழே அளந்தவர் கையெழுத்து, தேதி. அதற்கும் கீழே சரிபார்த்தவர் கையெழுத்து. அந்தத் தேதியைப் பார்த்ததும்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு எங்கள் மாரியம்மன் திருவிழா. தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தோம். டேப் பிடிக்க இடமே கிடையாது.

நகலை வைத்து, திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்தேன். விசாரணை என்று இரண்டு பேர் வந்து போனார்கள். யார் மீதும் நடவடிக்கை இல்லை. ஆனால் கான்ட்ராக்டர் ஓசைப்படாமல் மீதி ரோட்டைப் போட்டுவிட்டுப் போனார். அந்த வீட்டுக்காரர்களுக்குச் சந்தோஷம், எனக்குப் பாதிதான்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன், வருவாய்த் துறை. டெல்டாக்காரர் கேட்ட விதம் சரியானது. எங்களுக்கு வந்த மனுக்களில் பெரும்பாலானவை "எனக்கு ஏன் பட்டா தரவில்லை?", "இது நியாயமா?" என்ற ரகம். 2(எஃப்) பிரிவில் தகவல் என்பது ஏற்கெனவே ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும் ஆவணம். ஏன் என்பதற்குப் புதிதாகப் பதில் தயாரித்துக் கொடுக்கும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு, அதாவது ஆபீசில் ஆர்டிஐ மனுவுக்குப் பதில் தருபவருக்கு, இல்லை. "தாங்கள் கோருவது தகவல் வரையறையில் வராது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். மனுதாரர் கொதித்துப்போவார், ஆனால் சட்டப்படி அதில் பிழை காண்பது கஷ்டம்.

பட்டா மாறுதல் நிலுவையில் இருக்கிறதா? இப்படிக் கேளுங்கள்: இன்ன தேதியில் நான் கொடுத்த மனு எந்தெந்த அலுவலரிடம் எந்தத் தேதியில் வந்தது, அவர் என்ன குறிப்பு எழுதினார், அந்தக் குறிப்புகளின் நகல், அந்த அலுவலர்களின் பெயரும் பதவியும். இந்த மனு வந்த அன்றே கோப்பைத் தேடி எடுப்போம். சர்வேயர் மேசையில் தூங்கிக்கொண்டிருந்தால் அதற்கு உயிர் வந்துவிடும். ஆர்டிஐக்குப் பதில் போவதற்கு முன்பே பட்டா போய்விடுவதும் உண்டு. உரிமையாகக் கிடைக்க வேண்டியதை இப்படித் தள்ளி நகர்த்த வேண்டியிருப்பது எங்கள் துறைக்கு அவமானம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

சில ஆபீசில் "இது எங்கள் பிரிவு இல்லை" என்று மனுவைத் திருப்பி அனுப்புவார்கள். கூடாது. 6(3)-இன்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றிவிட்டு உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். 30 நாளில் பதிலே இல்லையென்றால் மறுத்ததாகத்தான் அர்த்தம். அதற்குப் பிறகு தரும் நகலுக்குக் காசு வாங்கக் கூடாது. நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் என்பது அலுவலரின் சொந்தப் பணம். ஆனால் தகவல் ஆணையம் அதை விதிப்பது அபூர்வம் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் பயம் குறைந்துவிட்டது.

இன்னொன்று. மாவட்டம் முழுவதற்கும் பத்து வருட விவரம் கேட்கும் மனுக்களும் வரும். ஒரு எழுத்தர் மற்ற வேலையை எல்லாம் விட்டுவிட்டு அதிலேயே உட்கார வேண்டும். பயன்படுத்தப் போகிறவர் கேட்டால் பரவாயில்லை.

மதுரைப் பொண்ணு:

என்னுடையது பரீட்சை விவகாரம். விடைத்தாள் நகல் தர முடியாது என்று பதில் வந்தது. தேர்வு எழுதியவருக்கு அவருடைய திருத்திய விடைத்தாளைப் பார்க்க உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. அதைக் குறிப்பிட்டு, பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டேன். அதற்கு ஸ்டாம்ப் எதுவும் ஒட்டவில்லை. நகல் வந்துவிட்டது. உள்பக்கம் ஒன்றில் போட்ட மார்க் முகப்பில் ஏறவே இல்லை! கூட்டிப் பார்த்தவர் பக்கத்தைத் திருப்பவில்லை போல.

அந்த மார்க்கைச் சேர்த்துத் தந்தார்கள், ஆனால் அதற்குள் தேர்வுப் பட்டியல் வெளியாகிவிட்டது. பட்டியலில் கடைசியாக இருப்பவர்களின் மதிப்பெண்ணைக் கேட்டு இன்னொரு மனு போட்டேன். 8(1)(ஜே), தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிட்டார்கள். முன்பு அந்தப் பிரிவிலேயே பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று இருந்தது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவை "தனிப்பட்ட தகவல்" என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டது. பொதுநலன் பற்றி 8(2)-இல் இன்னும் இருக்கிறது, ஆனால் மறுப்புக் கடிதம் எழுதுகிறவர்கள் அதுவரை படிப்பதில்லை. முதல் மேல்முறையீட்டிலும் அதே பதில். 90 நாள் கெடுவுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு அனுப்பிவிட்டேன், 8(2)-ஐ வைத்தே எழுதியிருக்கிறேன். விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை. இங்கே யாராவது 8(2)-ஐக் காட்டித் தகவல் வாங்கியிருந்தால், ஆணையத்தில் என்ன கேட்டார்கள் என்று கொஞ்சம் எழுதுங்களேன்.