புதுப் பட்டதாரிகளுக்கு உழைப்பின் அருமையை எப்படிப் புரியவைத்தீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

மென்பொருள் குழுத் தலைவர்:

கல்லூரி முடித்து நேராக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் பொறுப்பு. "இப்ப வர்ற பசங்களுக்கு உழைக்கவே மனசில்லை" என்று கூட வேலை செய்பவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். நான் பார்த்தவரை அவர்கள் உழைப்புக்குப் பயந்தவர்கள் இல்லை. ஒரு வேலை கஷ்டமாக இருந்தால், 'நமக்கு இது வராது போல' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சோம்பலுக்கும் இதற்கும் ரொம்ப தூரம்.

ஒரு பெண். நல்ல மதிப்பெண்ணோடு வந்தவர். ஓர் அறிக்கையில் தினசரி விற்பனைக் கூட்டுத்தொகை சில நாட்களில் மட்டும் உதைத்தது. ஏன் என்று பார்க்கச் சொல்லியிருந்தோம். மதியத்துக்குள் என்னிடம் வந்துவிட்டார். "சார், எனக்கு இது செட் ஆகாதுன்னு தோணுது. டெஸ்டிங் டீமுக்கு மாத்திவிட முடியுமா?" சொல்லும்போதே கண் கலங்கியிருந்தது.

உட்காரவைத்துப் பேசினேன். அதுவரை அவர் போட்ட ஒவ்வொரு கணக்குக்கும் எங்கேயோ ஒரு விடை தயாராக இருந்திருக்கிறது. கேள்வியே தெளிவாக இல்லாத, விடை யாருக்குமே தெரியாத ஒரு வேலையை அன்றுதான் முதன்முதலாகத் தொடுகிறார்.

அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எனக்கே காரணம் தெரியாத வேறொரு பிழையை எடுத்து, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். ஓர் ஊகம், தப்பு. குறித்துவைத்துவிட்டு அடுத்தது. அதுவும் தப்பு. வெகு நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், "நீங்களும் இப்படித்தான் தேடுவீங்களா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. புதியவர்கள் கண்ணில் படுவதெல்லாம் நாம் முடித்துக்கொடுத்த வேலை மட்டும்தான். அதன் அடியில் கிடக்கும் தப்பான ஊகங்களை யாரும் காட்டுவதில்லை. அனுபவம் உள்ளவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார் என்று அவர்கள் நம்பினால் அதில் ஆச்சரியமே இல்லை.

அப்புறம் அவரும் ஒரு நோட்டு போட்டார். என்ன நினைத்தேன், எதைச் சோதித்தேன், எது இல்லை என்று ஆனது. பக்கங்கள் நிறைய நிறைய ஆள் மாறிப்போனார். கடைசியில் காரணத்தை அவரே பிடித்தார்: சர்வர் நேரத்தை உலகப் பொது நேரத்தில் (UTC, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது) சேமிக்கிறது, அறிக்கை அதை உள்ளூர் நேரத்துக்கு மாற்றாமலே நாளைப் பிரிக்கிறது. அதனால் நள்ளிரவு தாண்டி நடந்த விற்பனை முந்தைய நாள் கணக்கில் விழுந்திருக்கிறது. அப்படி விற்பனை நடந்த நாட்களில் மட்டும்தான் உதைத்தது. மாற்றல் பேச்சை அவர் திரும்ப எடுக்கவில்லை.

இதை ஒட்டி ஓர் ஆய்வையும் இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்துச் செய்து 2019இல் வெளியிட்டது. ஒரு பிரிவுக்குக் கோர்வையான, கேட்க இதமான விரிவுரை. இன்னொரு பிரிவு அதே பாடத்தைத் தாங்களே முட்டி மோதிக் கணக்குப் போட்டுக் கற்றது. தேர்வில் முட்டி மோதியவர்கள்தான் அதிகம் எடுத்தார்கள். ஆனால் கேட்டபோது, தாங்கள் குறைவாகவே கற்றுக்கொண்டதாகச் சொன்னவர்களும் அவர்களே! கஷ்டப்படும்போது கற்காததுபோலத் தோன்றும், உள்ளே கற்றல் நடந்துகொண்டிருக்கும். புதியவர்களிடம் இதைச் சொன்னால் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது.

ரத்தப் பரிசோதனைக் கூட மேற்பார்வையாளர்:

எங்கள் துறையில் இந்தப் பேச்சு வேறு விதமாக வரும். "மெஷினே செல்லை அஞ்சு வகையா பிரிச்சுக் குடுக்குதே மேடம், நாம எதுக்கு மைக்ராஸ்கோப்ல நூறு செல் எண்ணணும்?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். அதனால் அதட்டவில்லை. "தினமும் ஸ்லைடு பாரு, சாதாரண ரத்தம் எப்படி இருக்கும்னு முதல்ல உன் கண்ணுக்குப் பழகட்டும்" என்றேன். அரை மனதோடு செய்தான்.

சில மாதம் போனது. ஒரு நோயாளிக்குத் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) 30,000 என்று மெஷின் சொன்னது. சாதாரணமாக ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்க வேண்டியது. அவ்வளவு குறைந்தால் மருத்துவர் பதறுவார், வேண்டாத சிகிச்சைகூட ஆரம்பிக்கலாம். இவன் ரிசல்ட்டை அனுப்பாமல் ஸ்லைடு போட்டுப் பார்த்தான். ஸ்லைடில் மெல்லிசாகத் தேய்த்த ரத்தப் படலத்தின் ஓரத்தில் தட்டணுக்கள் திட்டுத் திட்டாக ஒட்டிக்கிடந்தன. ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறோம் இல்லையா, சிலருடைய ரத்தத்தில் அதுவே தட்டணுக்களை இப்படி ஒட்டவைத்துவிடும். ஒட்டிய திட்டுகளை மெஷின் தட்டணுவாக எண்ணாது. உறையாமல் தடுக்கும் வேறொரு பொருளான சிட்ரேட் உள்ள குழாயில் மறுபடி ரத்தம் எடுத்தோம். அதிலுள்ள திரவம் ரத்தத்தை நீர்க்கச் செய்வதால் அதற்கு ஈடாக விடையை 1.1 ஆல் பெருக்கினால், எண்ணிக்கை முழுக்கச் சாதாரணம்.

அன்று மாலை அவனே வந்து, "இத்தனை நாள் ஒட்டாத ஸ்லைடையே பாத்துட்டு இருந்ததாலதான் மேடம் இது கண்ணுல பட்டுச்சு" என்றான். எனக்கு அவ்வளவு பெருமை. உழைப்பின் பலன் செய்கிற அன்றே தெரிந்துவிடாது என்பதுதான் இளைஞர்களுக்கு ஏற்கக் கடினமானது. எதற்காகச் செய்யச் சொல்கிறோம் என்பதையாவது பெரியவர்கள் விளக்கலாம். இப்போது புதிதாக யார் சேர்ந்தாலும், ஒட்டிக்கிடக்கும் அந்தத் தட்டணு ஸ்லைடை முதல் வாரமே காட்டிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலமே ஆனவர்:

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. கேட்கிற பக்கம் இருந்து ஒன்று சொல்லலாமா? "எங்க காலத்துல ராத்திரி பகல் பாக்காம உழைச்சோம்" என்று ஆரம்பித்தாலே எங்களில் பலருக்குக் காது மூடிக்கொள்கிறது. உழைப்பு என்றால் நேரம் கழித்து வீட்டுக்குப் போவது என்றே அது கேட்கிறது. நான் முதலில் இருந்த குழுவில் மேலாளர் கிளம்பும்வரை எல்லோரும் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்க்கிற புதியவர் உழைப்பை எப்படி மதிப்பார்?

முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் எடுத்த பதிவுகளை ஒரு பொருளாதார அறிஞர் மறுபடி ஆராய்ந்து 2014இல் எழுதினார். வாரம் 70 மணி நேரம் உழைத்தவர்கள் செய்து முடித்ததற்கும் 56 மணி நேரம் உழைத்தவர்கள் செய்து முடித்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்களை இழுப்பது மணிக்கணக்கு இல்லை. செய்ததை ஒருவர் கூர்ந்து பார்த்து, "இங்க சரி, இங்க இன்னும் போகணும்" என்று அன்றன்றைக்குச் சொன்னால் போதும், நாங்களாகவே திரும்பத் திரும்பச் செய்வோம். இப்போதைய குழுவில் எனக்கு அப்படி ஓர் அக்கா இருக்கிறார். நான் எழுதும் ஒவ்வொரு அறிக்கையிலும் அவர் பேனாக் குறிப்பு இருக்கும். இன்னொன்று, நாங்கள் செய்ததை எங்கள் பெயர் சொல்லியே மேலே காட்டுவார்.

மென்பொருள் குழுத் தலைவர்:

தம்பி சொன்னதை எங்கள் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் அனுப்பினேன். பெயர் சொல்வது ரொம்ப முக்கியம், அதற்குத் தனியாக நன்றி. மேடம் சொன்ன மெஷின் கேள்வி இப்போது எங்களிடமும் வருகிறது: "ஏ.ஐ.யே கோடு எழுதித் தருதே, நான் ஏன் மண்டையை உடைச்சுக்கணும்?" பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. அது தந்ததில் ஏதாவது ஒரு வரியைக் காட்டி, இதை எடுத்துவிட்டால் என்ன உடையும் என்று கேட்கிறேன். பதில் வரவில்லை என்றால், அந்தப் பகுதியை மட்டும் சொந்தமாக எழுதிவிட்டு வரச் சொல்கிறேன்.

விற்பனையிலும் கட்டுமானத் தளத்திலும் புதியவர்களைப் பழக்குபவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்கள். அங்கே ஒரு தவறு நடந்தால் மென்பொருள் கோடு போலத் திருத்தி மறுபடி ஓட்டிப் பார்க்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவரை எந்த அளவுக்குத் தனியாக முட்டி மோத விடுகிறீர்கள்?