மனநலத் திட்டத்தில் சோஷியல் ஒர்க்கராக இருந்துகொண்டே மேலே வர முடியுமா?

தெற்குச்சீமை எழுதியது:
எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து, சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கில், அதாவது மனநலச் சமூகப் பணியில், எம்.ஃபில்.லும் முடித்து, மாவட்ட மனநலத் திட்டத்தில் ஒப்பந்த அடிப்படையில் ஏழெட்டு வருடமாக இருக்கிறேன். வேலை எனக்கு உயிர். ஆனால் டீமுக்குத் தலைமை எப்போதும் சைக்கியாட்ரிஸ்ட்தான். டாக்டர் மாற்றலாகிப் போய் இடம் காலியாகக் கிடந்த மாதங்களில் முகாம் தேதி குறிப்பது, தேவையான மருந்து கேட்டு இன்டென்ட் போடுவது, மாத ரிப்போர்ட் அனுப்புவது எல்லாம் நான்தான் பார்த்தேன், புது டாக்டர் வந்த பிறகு ரிவ்யூ மீட்டிங்குக்குக்கூட என்னைக் கூப்பிடவில்லை. பதவி ஆசையில் கேட்கவில்லை. எந்த ஊருக்கு என்ன தேவை என்று முடிவெடுக்கும் இடத்தில் நாமும் உட்கார வேண்டாமா? என்.ஜி.ஓ. பக்கம் போவதா, பிஎச்.டி. சேர்வதா, இங்கேயே இருப்பதா?

பழைய ஊழியர் எழுதியது:
தங்கச்சி, ஒப்பந்த வேலையில் பதவி உயர்வு என்ற படிக்கட்டே கிடையாது, அதற்காகக் காத்திருக்காதீர்கள். ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். மத்திய மனநல ஆணையத்திலும் சரி, மாநில மனநல ஆணையத்திலும் சரி, 15 வருட அனுபவம் உள்ள ஒரு சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கருக்குச் சட்டமே இடம் ஒதுக்கியிருக்கிறது. நீங்கள் பாதி தூரம் வந்துவிட்டீர்கள். மாநில ஆணையத்தில் பதிவு செய்தாயிற்றா? இல்லையென்றால் முதல் வேலை அதுதான். அப்புறம், ஒவ்வொரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதும் அனுபவச் சான்றிதழைக் கையோடு வாங்கி வையுங்கள், அதிகாரி மாறிப் போன பிறகு கேட்டால் கிடைக்காது.

கோவளத்துக்காரன் எழுதியது:
என்.ஜி.ஓ. பக்கத்தை ஒதுக்கிவிட வேண்டாம். வந்தனா கோபிகுமார் சமூகப் பணி படித்தவர்தான். 1993-இல் வைஷ்ணவி ஜெயக்குமாரோடு சேர்ந்து சென்னையில் தி பேன்யன் என்ற அமைப்பைத் தொடங்கினார், தெருவில் விடப்பட்ட மனநோயுள்ள பெண்களுக்காக. 2014 தேசிய மனநலக் கொள்கையை வகுத்த குழுவிலும் இருந்தார். கொள்கை எழுதும் மேசைக்கு நம் படிப்பிலிருந்து போக முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் ஒன்று, நிதி முடிந்தால் புராஜெக்டும் முடிந்துவிடும் என்ற பயம் இங்கேயும் உண்டு, அதையும் கணக்கில் எடுங்கள்.

ராமநாதபுரத்தான் எழுதியது:
நான் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடி தர்காவுக்குப் பக்கத்தில், மனநோயாளிகளைக் கட்டி வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியோடு வெந்து செத்தது 28 பேர். அவர்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஆளே இல்லை. இன்று அதே தர்காவில் தவா-துவா (மருந்தும் பிரார்த்தனையும்) திட்டத்தில் பிரார்த்தனைக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே சிகிச்சையும் கிடைக்கிறது என்றால், தர்கா நிர்வாகத்தோடும் குடும்பத்தோடும் உட்கார்ந்து பேச ஆள் இருப்பதால்தான். தலைமை என்று நான் நினைப்பது இதைத்தான்.

ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்து ஸ்டாக் இல்லை என்று ஃபார்மசியில் கையை விரித்தால், இரண்டு பஸ் மாறி வந்த அம்மா திரும்பிப் போவார், அடுத்த மாதம் வரவே மாட்டார், மகன் மறுபடி படுத்துவிடுவான். எந்த பி.எச்.சி.யில் எந்த மாதம் எது தீர்ந்தது, அதனால் எத்தனை பேர் வராமல் நின்றார்கள், 40 சதவீத மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு எத்தனை பேர் எவ்வளவு காலமாக அலைகிறார்கள் என்பதெல்லாம் உங்கள் நோட்டில்தான் இருக்கும், டாக்டரிடம் இருக்காது. அதை ஒரு பக்கத்தில் எழுதி, டாக்டர் வழியாகவே கலெக்டர் மீட்டிங்குக்கு அனுப்புங்கள். இரண்டாவது முறையே உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், எங்கள் பக்கம் அப்படித்தான் நடந்தது.

பழைய ஊழியர் எழுதியது:
ராமநாதபுரத்தான் சொன்னது சரி, ஆனால் தனி ஆள் திறமையை மட்டும் நம்பினால் அடுத்து வருகிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது. நிரந்தரப் பணியிடம் கேட்டுச் சேர்ந்து நிற்க வேண்டும். எம்.ஃபில்.லையே யு.ஜி.சி. நிறுத்திவிட்டது, நம் துறைக்கும் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டித்தார்கள். சட்டம் கேட்கிற தகுதியோ எம்.ஃபில். இனி வருகிற பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

தெற்குச்சீமை எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு இங்கேயே இருக்கிறேன். மாநில ஆணையப் பதிவு இன்னும் செய்யவில்லை, இந்த வாரமே விண்ணப்பிக்கிறேன். மருந்து தீர்ந்த கணக்கு என்னிடம் தாலுகா வாரியாக இருக்கிறது. ராமநாதபுரத்தண்ணே, நீங்கள் அனுப்பிய அந்த ஒரு பக்கத்தின் மாதிரியை, நோயாளி விவரம் இல்லாமல், இங்கே போட முடியுமா?